மூலைக் கட்டம்

பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்காதீங்கம்மா. கரண்ட் போயிருக்கு, நீங்க அமுக்கி அது வந்துடப் போறதில்லை. பயப்படவும் வேண்டாம். ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல நிக்கறோம், அவ்வளவுதான். இந்த லிஃப்ட் இப்படி நிக்கறது ஒண்ணும் புதுசு இல்லை. மேல அந்தச் சின்ன லைட் எரியும், அதுக்குப் பேட்டரி. ஃபேன் சுத்தாது. கதவு இடுக்குல கொஞ்சம் காத்து வரும், நீங்க இப்படித் தள்ளி வந்து நில்லுங்க.

வாட்ச்மேனுக்கு அடிக்கறேன், எடுக்க மாட்டேங்கறான். டீ குடிக்கப் போயிருப்பான். ஜெனரேட்டரா? இருக்கே. கீழே பெருசா இருக்கு. லிஃப்ட்டுக்குத்தான் இணைப்பு இல்லை. நான்தான் வேண்டாம்னேன். இந்தக் காம்ப்ளெக்ஸ் சங்கத்துக்கு நான்தான் செக்ரட்டரி. கரண்ட் போனா கொஞ்ச நேரம் பொறுத்துக்க முடியாதா மனுஷனால? எதுக்கெடுத்தாலும் அவசரம்.

எனக்கும் இன்னிக்கு அவசரம்தான். அது வேற விஷயம்.

நீங்க எந்த ஆபீசுக்கு? நாலாவது மாடியா? பிம்பம் வெப் டிசைனா? அட, அப்ப இன்டர்வியூவுக்கு வர்றேன்னது நீங்கதானா! நான்தாம்மா தண்டாயுதம், போன்ல பேசினேனே. உக்காருங்க, கீழேதான், வேற என்ன பண்றது. லேப்டாப் கொண்டு வந்திருக்கீங்களா? நல்லது. விளம்பரத்துலயே போட்டிருந்தேன், சொந்த லேப்டாப் வேணும்னு. பேரு என்ன சொன்னீங்க? பெனிட்டா. சரி.

நான் உங்களைக் கேள்வி கேக்கறதுக்கு முன்னாடி உங்க மனசுல ஒரு கேள்வி இருக்கும். முன்னாடி இருந்த பொண்ணு ஏன் வேலையை விட்டுப் போச்சுன்னு. நீங்க கேக்காட்டியும் நானே சொல்லிடறேன். வெளியில நாலு பேர் நாலு விதமாச் சொல்வாங்க.

அது பேரு பூவிழி. வேலையில கெட்டிக்காரி, அதுல நான் குறை சொல்ல மாட்டேன். வாய்தான் அடங்காது. ஒரு டேபிள், ஒரே ஒரு டேபிள். அதை ஒரு பக்கத்துக்குள்ள அடக்கச் சொன்னேன். அதுல வந்த வினை, இப்ப நான் இந்த இரும்புப் பெட்டிக்குள்ள உக்காந்து வேர்த்துக்கிட்டு இருக்கேன்.

நான் அச்சகத்துல இருந்து வந்தவன்மா. கல்யாணப் பத்திரிகை. ஒரு காலத்துல சேலத்துல மஞ்சள் தடவி எந்தப் பத்திரிகை வந்தாலும் பாதிக்குப் பாதி நான் கம்போஸ் பண்ணதா இருக்கும். அங்க நான் கத்துக்கிட்டது ஒண்ணுதான்: அட்டையை விட்டு எதுவும் வெளிய நீட்டக் கூடாது. பெரியப்பா பேரு, தாய்மாமன் பேரு, பட்டம், ஊரு, எல்லாம் அதுக்குள்ள அடங்கணும். அடங்கலையா, எழுத்தைச் சின்னதாக்கு. அப்பவும் அடங்கலையா, யாரையாவது எடு. வெப்சைட்டும் அதேதான். போன்ல ஒரு பக்கத்தைத் திறந்தா அது கையகலத்துக்குள்ள அடங்கி நிக்கணும். விரலை வச்சாப் பக்கவாட்டுல நகர்ந்துச்சுன்னு வைங்க, எனக்கு உடம்பே கூசும். சட்டைக்கு வெளிய பனியன் தொங்கற மாதிரி.

வஜ்ரவேலுன்னு ஒருத்தர், ஜங்ஷன் பக்கம் திருமணத் தகவல் மையம் வச்சிருக்கார். அவர் ஆபீஸ் சுவத்துல ஒரு சார்ட்டு தொங்கும், வேட்டி அகலத்துக்கு. நட்சத்திரப் பொருத்த அட்டவணை. உங்க பேரைக் கேட்டா உங்களுக்கு இதெல்லாம் பழக்கம் இருக்காதுன்னு நினைக்கறேன், சொல்லிடறேன். பொண்ணு நட்சத்திரம் எல்லாம் பக்கவாட்டுல, மேலிருந்து கீழா இருக்கும். பையன் நட்சத்திரம் எல்லாம் மேல, இடமிருந்து வலமா. ரெண்டும் சேர்ற கட்டத்துல டிக் இருந்தாப் பொருந்தும், இன்ட்டு இருந்தாப் பொருந்தாது. எங்க பக்கம் எந்தப் பஞ்சாங்கத்தை எடுத்தாலும் அப்படித்தான் பழக்கம். பக்கவாட்டுல பொண்ணு, மேல பையன். கண்ணை மூடிக்கிட்டுப் பார்ப்பாங்க.

அதை அப்படியே வெப்சைட்ல போடணும்னார். அதுதான் சங்கடம். பொண்ணுக்கு இருபத்தேழு வரிசை. பையனுக்கு இவர் பாதம் பாதமாப் பிரிச்சு முப்பத்தாறு வச்சிருக்கார். முப்பத்தாறு கட்டத்தை போன் அகலத்துல எப்படி வைக்கறது? பூவிழி சொல்லுச்சு, "சார், பொண்ணு நட்சத்திரம் ஒண்ணு, பையன் நட்சத்திரம் ஒண்ணு தேர்ந்தெடுக்கச் சொல்லலாம், பதில் மட்டும் காட்டலாம்"னு. வஜ்ரவேலு ஒத்துக்கலை. "கட்டம் மொத்தமும் கண்ணுல பட்டாத்தான் ஜனம் நம்பும்"னுட்டார். சரி, டேபிளை மட்டும் தனியா ஒரு பெட்டிக்குள்ள வச்சு, அதை மட்டும் விரலால பக்கவாட்டுல தள்ளிப் பார்க்கற மாதிரி பண்ணலாம்னுச்சு பூவிழி. அதுக்கு நான் ஒத்துக்கலை. நான் இருக்கற வரைக்கும் என் ஆபீஸ்ல இருந்து ஒரு பக்கம் அப்படி வெளிய போகாதுன்னு சொல்லிட்டேன்.

அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இந்தத் துளியூண்டு திரை. நடுவுல நான். வெத்தலைப் பாக்குக் கணக்கா நசுங்கினேன், கேட்டுக்குங்க.

அப்பத்தான் எனக்கு யோசனை வந்துச்சு. டேபிளைத் திருப்பிப் போட்டா? பையனைப் பக்கவாட்டுக்குக் கொண்டு வா, பொண்ணை மேல ஏத்து. முப்பத்தாறு கீழ்நோக்கிப் போகட்டும், கீழ எவ்வளவு வேணா போகலாம், விரல் தானா கீழதான் போகும். அகலத்துல இருபத்தேழுதான். நட்சத்திரப் பேரை எல்லாம் ஒத்தை எழுத்து, ரெண்டெழுத்தாக் குறைச்சோம். டிக்கையும் இன்ட்டையும் கடுகு அளவுக்குச் சின்னதாக்கினோம். எல்லாம் அடங்கிடுச்சு. ஒரே ஒரு இடம் இடிச்சுது. இடது பக்கம் மேல மூலையில ஒரு கட்டம் இருக்கும் பாருங்க, மேல பெண், பக்கத்துல ஆண்னு எழுதி, குறுக்கே ஒரு கோடு போட்டு. அந்த ஒரு கட்டத்தால முதல் வரிசை மொத்தமும் தடிச்சு, வலது ஓரத்துல கடைசி நட்சத்திரம் ரேவதி திரைக்கு வெளிய போய் நின்னுச்சு. எடுன்னேன். மூலைக் கட்டத்தை எடுத்ததும் பக்கம் அச்சு வார்த்த மாதிரி உக்காந்துச்சு. வஜ்ரவேலு பார்த்துட்டு என் கையைப் புடிச்சுக்கிட்டார்.

நீங்க ஏம்மா முகத்தை அப்படி வச்சிருக்கீங்க? பூவிழியும் அப்படித்தான் வச்சுது. "சார், அது இல்லாம எது பொண்ணு எது பையன்னு எப்படித் தெரியும்?"னுச்சு. தெரியும்மா, தெரியும், ஜனத்துக்கு எல்லாம் தெரியும்னேன்.

வாட்ச்மேன் இன்னும் எடுக்கலை. மூச்சு முட்டுதா? எனக்கும்தான். காலரை லூஸ் பண்ணிக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

எனக்கு ஒரே பொண்ணு, நித்திலா. தங்கமான பொண்ணு. பூனாவுல வேலை கிடைச்சுது, நான் விடலை. எதுக்கும்மா? இங்க இல்லாத வேலையா? இப்ப இங்கேயே ஒரு கண் ஆஸ்பத்திரியில கணக்குப் பார்க்கறா. காலையில நான் கொண்டு விடறேன், சாயங்காலம் நான் கூட்டிட்டு வர்றேன். ஒரு நாள் அவளே வந்து சொன்னா, அங்க கண்ணு டெஸ்ட் பண்ற பையன் இளங்கதிர், அவனைப் புடிச்சிருக்குன்னு. நான் கோவப்பட்டேன்னு நினைக்கறீங்களா? கிடையாது. சாதி கீதி எல்லாம் நான் பார்க்கறவன் இல்லை. அவனும் நம்மாளுங்கதான், அது வேற. நான் வச்சது ஒரே நிபந்தனை. பொருத்தம் இருக்கணும். இருந்தா நானே முன்ன நின்னு பண்ணி வைக்கறேன்னேன். அவளும் சரின்னா.

பையன் வீட்ல தட்டோட வந்தாங்க. பழம், பூ, பாதுஷா. அவங்கப்பா உக்காந்ததும், "எங்க ஜோசியர் பார்த்துட்டார், பொருத்தம் நல்லா இருக்கு"ன்னார். உங்க ஜோசியர் யாரோ எவரோ, ஊரே பார்க்கற பக்கம் இருக்கு, நான் பண்ணதுன்னு சொல்லி போனைத் திறந்தேன். என் பொண்ணு ரோகிணி. பையன் கேட்டை. பக்கவாட்டுல ரோகிணியில விரலை வச்சேன், அப்படியே நகர்த்திக் கேட்டைக்கு வந்தேன். இன்ட்டு. எல்லாரும் பாருங்கன்னு போனை நீட்டினேன். அந்தப் பையன் வாங்கிப் பார்த்துட்டு, "எழுத்து ரொம்பச் சின்னதா இருக்குங்க மாமா"ங்கறான். மாமாவாம். அதுக்குள்ள மாமா.

பொருந்தாதுன்னு அவங்க முகத்துக்கு நேராச் சொல்லிட்டேன். சொல்லித்தானேம்மா ஆகணும்? தட்டை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. நித்திலா எழுந்துட்டா. அப்பா வச்ச நிபந்தனை, அப்பா பார்த்துச் சொல்லிட்டார், அவ்வளவுதான்னு ரூமுக்குள்ள போயிட்டா. என் சம்சாரம் சுலோசனா எப்பவுமே பேச மாட்டா. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. அழலை, கத்தலை, சாப்பாட்டை ஒதுக்கலை. நான் வளர்த்த வளர்ப்பு அப்படி.

இப்பத்தான் பூவிழி வருது கதைக்குள்ள. கொஞ்ச நாள் கழிச்சு வஜ்ரவேலு போன் பண்றார். பக்கத்தைப் பார்த்துட்டு வர்றவங்க ஒண்ணு சொல்றாங்க, சுவத்துச் சார்ட்டு வேற சொல்லுதுன்னு. ஜனம் பார்க்கத் தெரியாமப் பார்க்குதுன்னு நான் சமாளிச்சேன். பூவிழி உக்காந்து நோண்டுச்சு. நோண்டிட்டு எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு சொல்லுது. "சார், பழக்கத்துல எல்லாரும் பக்கவாட்டுல இருக்கறதைப் பொண்ணுன்னு எடுத்துக்கறாங்க. நாம அங்க பையனை வச்சிருக்கோம். பொண்ணு நட்சத்திரத்துல இருந்து எண்ணினா ஒரு கணக்கு, பையனதுல இருந்து எண்ணினா வேற கணக்கு. அத்தனை பேரும் தலைகீழாப் பார்த்துக்கிட்டு இருக்காங்க சார்." அதோட நிறுத்தியிருக்கலாம் இல்லையா? "நீங்க அன்னிக்குச் சொன்னீங்களே, உங்க பொண்ணுக்கும் பார்த்தேன் சார். டிக்தான் இருக்கு."

எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க. நான் பண்ண பக்கத்தை நானே தப்பாப் பார்த்தேன்னு, எனக்குக் கீழ வேலை பாக்கற பொண்ணு, எல்லார் முன்னாடியும். மூலைக் கட்டத்தைத் திரும்ப வைக்கலாம் சார்னுச்சு. வேண்டாம், வெளிய நீட்டும்னேன். "இதைப் பார்த்து எத்தனை பேர் நல்ல இடத்தை வேண்டாம்னு விட்டிருப்பாங்க சார்?"னுச்சு. அதே அளவுக்கு ஆகாத இடத்தையும் சரின்னு முடிச்சிருப்பாங்க, கணக்கு நேராயிடும், போய் வேலையைப் பாருன்னேன். நான் சொன்னதுல என்ன தப்பு? மறுநாள் ராஜினாமா. போற போக்குல நேரா என் பொண்ணுகிட்டப் போய்ச் சொல்லிட்டுப் போயிருக்கு. சோறு போட்ட ஆபீசுக்கு அது பண்ணது அது. அதனாலதான் இந்த இடம் காலியா இருக்கு. வேற ஒண்ணும் இல்லை.

நித்திலா என்கிட்டக் கேக்கவே இல்லைம்மா. கேட்டிருந்தா ஏதாவது சொல்லியிருப்பேன். வாரக்கணக்கா ஒண்ணும் கேக்காம, இன்னிக்குக் காலையில, நான் தோசை சாப்பிட்டுக்கிட்டு இருக்கறப்ப வந்து முன்னாடி நிக்கறா. "அப்பா, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல ஒரு மாசத்துக்கு முன்னாடியே நோட்டீஸ் கொடுத்துட்டோம். இன்னிக்குப் பதினோரு மணிக்குக் கூப்பிடுவாங்க. எனக்கு அங்க கல்யாணம் பண்ணிக்க இஷ்டமில்லைப்பா. நீங்க இல்லாம எனக்கு எதுக்குக் கல்யாணம்? ஆனா நீங்க பொருந்தாதுன்னு சொன்னது பொய்யின்னு உங்களுக்கே தெரியும்."

நான் தோசையைப் பிச்சுக்கிட்டே இருந்தேன்.

அவளே சொன்னா. "உங்களால வாயால சொல்ல முடியாதுன்னு தெரியும்பா. சொல்ல வேண்டாம். அந்த மூலைக் கட்டத்தைத் திரும்ப வைங்க. நான் போன்ல அந்தப் பக்கத்தைத் திறந்து வச்சுக்கிட்டுத்தான் நிப்பேன். பெண்ணுன்னு அந்த ஒரு வார்த்தை வந்துட்டாப் போதும், கையெழுத்துப் போடாம வீட்டுக்கு வந்துடறேன். நீங்க நாள் பாருங்க, மண்டபம் பாருங்க, பத்திரிகை அடிங்க, உங்க இஷ்டம். வரலைன்னா உள்ள போயிடுவேன்." அப்படிச் சொல்லிட்டுக் குனிஞ்சு என் காலைத் தொட்டுட்டுப் போனா.

பத்திரிகைன்னாளே, அது என்கிட்ட இருக்கும்மா. அவ பள்ளிக்கூடம் படிக்கறப்பவே வடிவமைச்சு வச்சது. அரக்குல தங்க எழுத்து. மாப்பிள்ளை பேருக்கு மட்டும் இடம் விட்டிருக்கேன்.

அதைச் செய்யத்தான் வந்தேன். இதைச் செய்யத் தெரிஞ்சவங்க ஆபீஸ்ல வேற யாரும் இல்லை, ஒரு பையன் இருக்கான், அவனும் லீவு. எனக்கு டிசைன் சொல்லத் தெரியும், கை வச்சுச் செய்யத் தெரியாது. வர்ற பொண்ணுகிட்ட இன்டர்வியூ மாதிரி இதையே கொடுத்துடலாம்னு நினைச்சேன். பார்த்தா லிஃப்ட்டுல நீங்களும் நானும்.

மணி என்ன? இன்னும் கொஞ்சம் இருக்கு.

போன் பண்ணிச் சொல்லிடலாமேங்கறீங்களா? சிக்னல் இருக்குதான். ஒரு கோடு தெரியுது. சொல்லலாம். என்னன்னு சொல்றது? நித்திலா, நான்... பாருங்க, உங்ககிட்டயே வரலை. அவ முகத்தைப் பார்த்து ஒரு தடவை பொருந்தாதுன்னு சொன்ன வாய் இது. என் பொண்ணுக்கு என்னைத் தெரியும், அதனாலதானே கட்டத்தை வைன்னா?

நீங்க இங்கேயே செய்ய முடியுமா? அட, அப்படியா! என் போன்ல இருந்து நெட் எடுத்துக்குங்க. பாஸ்வேர்டு... நித்திலா, இங்கிலீஷ்ல, அப்புறம் அவ பொறந்த வருஷம். சிரிக்காதீங்க. எல்லாத்துக்கும் அதுதான்.

வேகமாத்தான் செய்யறீங்க. அதுதான், அந்த டேபிள்தான். அங்கேதான், இடது மூலை. மேல பெண், பக்கத்துல ஆண். ஆங். எங்க, காட்டுங்க. போன்ல எப்படித் தெரியும்னு அந்த அளவுல காட்டுங்க.

நீட்டுதேம்மா. ரேவதி வெளிய போயிடுச்சு பாருங்க. உத்திரட்டாதியும் பாதிதான் தெரியுது.

நகர்த்திப் பார்த்துக்கலாமா? பூவிழி மாதிரியே பேசறீங்களே. அது வேண்டாம். எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்குங்க. இன்னும் கொஞ்சம். படிக்க முடியலையா? நான் படிக்கறேனே. சரி, பெண்ணுங்கறதை மட்டும் வைங்க, ஆணை எடுத்துடுங்க. இப்ப? ஒரு நூல் நீட்டுது. இந்தப் பக்கம் இடைவெளியைக் குறைங்க. என்னது, இப்பவே வெளியிட்டுடவா? இருங்க, இருங்க, அமுக்கிடாதீங்க. இப்படியேவா? வஜ்ரவேலு பார்த்தா என்ன நினைப்பார்? நான் பண்ண பக்கம்மா அது. ஒரு நூல்தானே, எங்கேயாவது புடிச்சிடலாம். கோட்டை மெல்லிசாக்குங்க.

தெரியும், மணி தெரியும். அங்க எல்லாம் சொன்ன நேரத்துக்கா கூப்பிடுவாங்க? எனக்குத் தெரியாதா? அதுவும் இல்லாம சாட்சிக்கு மூணு பேர் வேணும். ரெண்டு பேர் அவன் ஃப்ரெண்டுங்க. மூணாவது ஆளுக்கு எங்க போவா? என்னை மீறி எங்க சொந்தத்துல ஒருத்தன் போக மாட்டான். சுலோசனா கூட இன்னிக்கு வெள்ளிக்கிழமையும் இல்லாம அரக்குப் பட்டைக் கட்டிக்கிட்டுக் கோயிலுக்குக் கிளம்பினா. வேண்டிக்கப் போயிருப்பா, பாவம். நீங்க கோட்டைப் பாருங்க.

ஆ... இப்ப அடங்கிடுச்சா? இல்லையா? எங்க நீட்டுது?

லைட் வந்துடுச்சு! கரண்ட் வந்துடுச்சும்மா. ஏறுது பாருங்க. நான் சொன்னேன்ல, கொஞ்ச நேரம் பொறுத்தா வந்துடும்னு. மூணாவது மாடி. கதவு திறந்துடுச்சு. அப்பாடா, காத்து. இருங்க, போன். சுலோசனாதான்.

சொல்லு சுலோ. லிஃப்ட்டுல. லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டேன். நீ எங்க இருக்க? எங்க?

யாரு?

நீயா?

...

மூணாவது சாட்சி என் சம்சாரம்மா.

நித்திலாவைக் கூப்பிட்டப்ப அவ போகலையாம். ஆபீசர்கிட்டக் கெஞ்சி, பின்னாடி இருந்தவங்களை முதல்ல விடச் சொல்லியிருக்கா. போனையே பார்த்துக்கிட்டு நின்னாளாம். விரலால இழுத்து இழுத்துப் பக்கத்தைப் புதுசாத் திறந்துக்கிட்டே இருந்தாளாம். அப்புறம் போனை அவங்கம்மா கையில கொடுத்துட்டு உள்ள போயிட்டாளாம். "கோணலாத்தான் வந்துச்சுங்க, ஆனாக் கையெழுத்துப் போட்டுட்டேன்"ங்கறா சுலோசனா. ரேங்க் கார்டுல இருந்து எங்க வீட்ல எல்லாத்துக்கும் நான்தாம்மா கையெழுத்து. சுலோசனா கையெழுத்து எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது.

எங்கம்மா கிளம்பிட்டீங்க? நாலாவது மாடி மேல இருக்கு, நீங்க படியிறங்கறீங்களே. சரி, வேலைக்கு வர வேண்டாம். அது உங்க இஷ்டம், நான் ஒண்ணும் சொல்லலை. ஒரு நிமிஷம் மட்டும் நில்லுங்க. அந்த லேப்டாப்பை மூடாதீங்க. அவ போன் இன்னும் சுலோசனா கையிலதான் இருக்கு. அந்தப் பக்கம் திறந்துதான் இருக்கு. சுலோசனா பார்த்தா நித்திலாகிட்டக் காட்டுவா.

நீட்டினா நீட்டட்டும். அமுக்கிடுங்கம்மா.